மணப்பெண்ணின் நடை

வெளியிலிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.

"இருமாத, தும்மாத. அவங்க கிளம்பற வரைக்கும் நீ இந்த வீட்லயே இல்ல."

கதவுக்கு அப்பாலிருந்து வந்த மாமியாரின் குரலில் கோபமே இல்லை. சின்னவளைப் பயமுறுத்தியது அதுதான். கோபம் என்றால் என்றைக்காவது தணியும். வழக்கத்துக்குத் தணியத் தெரியாது.

சின்னவள் அந்த வீட்டின் இளைய மருமகள். கணவன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் கட்டிலில் உட்கார்ந்து எதிரே இருந்த மேசையைப் பார்த்தாள். காலையில் கணினியைத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம், ஆள் எழுந்துபோன படுக்கை மாதிரி கிடந்தது.

அந்தக் கணினியில் அசையும் படங்கள் செய்ய அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் கணவன்தான். சோப்பு நுரை சிரிக்கும், செருப்பு துள்ளும். எல்லாம் இருபது விநாடி விளம்பரங்கள். இப்போது கணவனின் அண்ணன் கடை கடையாகப் போய் வேலை பிடித்து வருவார், அவள் செய்வாள். வாய் அவருடையது, கை இவளுடையது. கைக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்பது வெளியே யாருக்கும் தெரியாது.

இந்த முறை வந்தது கல்யாண உடைகள் விற்கும் கடையின் விளம்பரம். மறுநாள் திறப்பு விழா. ஒரு மணப்பெண் கடை வாசலிலிருந்து நடந்து வருவாள். அடிக்கு அடி உடை மாறும், கடைசி அடியில் திரும்பிச் சிரிப்பாள். நடை இயல்பாக வரவேண்டும் என்று சின்னவள் கைபேசியை ஜன்னலில் சாய்த்து வைத்து, கொல்லையில் தானே நடந்து படம் பிடித்தாள். அதைப் பார்த்துப் பார்த்து அடியடியாக வரைந்தாள். கணவனைக் கொண்டுபோன விபத்தில் அவளுடைய இடது கால் அடிபட்டிருந்தது, நடக்கையில் லேசாக இழுக்கும். மணப்பெண்ணுக்கும் அது வந்துவிட்டது. திருத்த அவளுக்கு மனம் வரவில்லை.

கல்யாணக் காரியத்தில் விதவையின் கை பட்டது என்று தெரிந்தால், இன்று படம் பார்க்க வரும் கடைக்காரர் வாசலோடு திரும்பிவிடுவார் என்பது மாமியாரின் பயம். "இது கைநழுவிப் போச்சுன்னா அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிய வித்துடுவேன்" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். பெட்டி போனால் சின்னவளுக்கு மிச்சமிருப்பது இந்த நாலு சுவர்தான்.

கூடத்தில் இசை ஒலித்து அடங்கியது. கடைக்காரர் தன் தாயையும் அழைத்து வந்திருந்தார் போலிருக்கிறது. ஒரு மூத்த பெண்குரல், இந்தப் பெண்ணின் நடை யாரைப் பார்த்துச் செய்தது என்று கேட்டது. கம்ப்யூட்டரே நடக்க வைத்துவிடும் என்று அண்ணன் கூசாமல் சொன்னார். கடைக்காரருக்கும் பிடித்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் குறை, கடைசி உடை இன்னும் சிவப்பாக இருந்தால் நல்லது. இப்போதே மாற்றிக் காட்டினால் பார்த்துவிட்டுக் கிளம்புவாராம்.

சின்னவள் எழுந்து நின்றுவிட்டாள். அண்ணனுக்குக் கணினியில் படத்தை ஓட்டவும் நிறுத்தவும் மட்டுமே தெரியும்.

காலடி கதவருகே வந்தது. "எதத் தொடணும்?" என்று இடுக்கில் கிசுகிசுத்தார்.

"உடைன்னு எழுதின வரிய மட்டும் தொடுங்க அத்தான். அதுக்கு மேல இடுப்புன்னு இருக்கும், அதத் தொட்டுடாதீங்க. எல்லாத்தையும் அதுலதான்..."

பாதி கேட்டபோதே அவர் ஓடிவிட்டார்.

திரையில் ஓர் உடம்பு என்பது பதினான்கு துண்டுகள். எல்லாவற்றையும் அவள் இடுப்போடு கட்டியிருந்தாள். மறுபடி இசை ஒலித்தது. பாதியிலேயே ஒரு நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது: இடுப்பைத் தொட்டுவிட்டார், தலையின் கட்டு அவிழ்ந்துவிட்டது. உடம்பு உடை மாற்றிக்கொண்டே நடந்து போகிறது. தலை மட்டும் கடை வாசலிலேயே நின்று சிரிக்கிறது.

"நாளைக்குக் கட தொறக்கறேன்," என்றார் கடைக்காரர். "தலையில்லாத கல்யாணப் பொண்ணக் காட்டறீங்களே."

தாழ்ப்பாள் விலகியது. மாமியாரின் முகம் பேயறைந்தது போலிருந்தது. "வந்து சரி பண்ணு. வாயத் தொறக்காத." பிறகு கூடத்தைப் பார்த்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குரலில், "வேலைக்கு வர்ற பொண்ணு" என்றாள்.

சின்னவள் கூடத்தைக் கடந்தாள். சோபாவில் இருந்த மூதாட்டி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். அந்த அம்மாளின் உடையிலும் சின்னவளின் உடையைப் போலவே வெள்ளையைத் தவிர நிறம் என்று ஒன்றில்லை.

சில நிமிடங்களில் தலை உடம்போடு சேர்ந்தது, உடை சிவந்தது. மணப்பெண் நடந்து வந்து திரும்பிச் சிரித்தாள். கடைக்காரர் மூச்சு விட்டார். அப்போதுதான் சின்னவளின் உடையைக் கவனித்தார்.

"இவங்க யாரு?"



"கண்ணு தெரியலையாடா?" என்றாள் தாய். "உன் கல்யாணப் பொண்ணு இவ நடையத்தான நடக்கறா?"

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வேறு விளம்பரம் செய்ய இனி நேரமில்லை. "வேல நல்லாருக்கும்மா," என்றார் மரியாதையாகவே. "யாரு செஞ்சதுன்னு மட்டும் வெளிய தெரிய வேணாம். நாளைக்கு நல்ல காரியம். தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா எடுத்துக்காதம்மா," என்று தாயும் சிரித்தாள். "அந்தக் கடையோட மொதத் துணியத் தச்சது நான். நாளைக்கு எனக்கும் பின்னாடி குடோன்லதான் நாற்காலி போட்டிருக்கான்."

மகன் தரையைப் பார்த்தார். தாய் சற்று நகர்ந்து, சோபாவில் பக்கத்து இடத்தைத் தட்டினாள். "உக்காரும்மா. கால் வலிக்கும்."

இதயத்தைத் தேற்றக் கடவுள் பெரிய அற்புதங்கள் செய்வதில்லை. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இன்னொரு ஆளை நகர வைக்கிறார், அவ்வளவுதான். சின்னவள் உட்கார்ந்தாள்.

அவர்கள் கார் தெருமுனை தாண்டியதும் அண்ணன் கணினியின் வயர்களைக் கழற்றப் போனார்.

"அது இங்கயே இருக்கட்டும் அத்தான். இங்கதான் வெளிச்சம் இருக்கு."

அவர் கை பாதியில் நின்றது.  மாமியார் சின்னவள் அடைபட்டிருந்த பின்னறைக்குப் போய்க் கதவை அகலத் திறந்து, தாழ்ப்பாளில் கை வைத்துக் காத்திருந்தாள். சின்னவள் உள்ளே போனாள். தன் நாற்காலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இருமக்கூட அனுமதியில்லாத அந்த வீட்டில், நாற்காலிக் கால்களும் அவளுடைய இடது காலும் தரையில் தேய்கிற சத்தம் கூடம்வரை கேட்டது. மாமியார் ஆளில்லாத அறையின் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.