பன்னிரண்டு மணி மேடு

...அந்த ஒன்பது நாள் மட்டும் கோடு ஒழுங்காகப் போகிறது, வெயில் ஏற ஏறக் காடு கரியமில வாயுவை இழுக்கிறது, மதியம் இன்னும் இழுக்கிறது, மற்ற நாளெல்லாம் ஏன் பன்னிரண்டு மணிக்கு இந்த மேடு, சுரபுன்னை மரங்களுக்கு உச்சி வெயிலில் அப்படி என்ன கோபம், உள்ளே போனதைத் துப்புகிறதா... பிச்சாவரம் பஸ் சிதம்பரத்தை விட்டு நகர்ந்தது, மடியில் வரைபடத் தாள்கள் படபடத்தன. "சமீரா, சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லு, இல்லன்னா கருவிய கழட்டிடலாம்" என்று என் கைடு தட்சிணாமூர்த்தி சார் சொல்லிவிட்டார், என் இரண்டு வருஷ ஆராய்ச்சி அவருக்கு ஒரே வாக்கியம். இந்த ஊரில் கோபுரம் என்றால் யாரும் வேறொன்றைத்தான் நினைப்பார்கள், என்னுடையது காட்டோரம் நிற்கும் இரும்புக் கோபுரம், உச்சியில் காற்றை மோந்து கணக்கு எழுதும் கருவி. அது பொய் சொல்கிறதா, காடு பொய் சொல்கிறதா? எந்த ஒன்பது நாள்... அட, தங்கச்சி நிக்காஹ், பரங்கிப்பேட்டையில் மருதாணிக் கையோடு கிடந்தேனே! ஞாயிற்றுக்கிழமைகளைப் புரட்டினேன், அதிலும் மேடு இல்லை, மாத சராசரியையே பார்த்துப் பார்த்து இது கண்ணில் படவேயில்லை. நான் போகாத நாளில்தான் காடு ஒழுங்காக வேலை செய்யுமா? அங்கே போய் அப்படி என்னதான் செய்கிறேன், என் மூச்சா, முப்பதடி உயரத்துக்கா, அழுகை முட்டியது, சிரிப்பும் வந்தது.

கிள்ளை தாண்டும்போது போன். கோபுரத்துக்குக் காவல் இருக்கும் தில்லையம்மாள் அக்கா.

"வர்றியாம்மா? இறா வாங்கியாந்தேன். அடுப்ப மூட்டவா?"

"ஏங்க்கா, நான் வராத அன்னிக்கி?"

"எனக்கு ஒருத்திக்கு எதுக்கும்மா அடுப்பு? வூட்லேர்ந்து கொண்டார பழையதே போதும்."

அடுப்பு! அக்காவின் காவல் குடிசைக்குப் பின்னால் விறகடுப்பு, பன்னிரண்டு மணிக்குக் கடற்காற்று திரும்பும், புகை நேராகக் கோபுரத்துக்கு... அல்ஹம்துலில்லாஹ், வாய்விட்டே சொல்லிவிட்டேன், கண்டக்டர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும், காடு இழுக்கிறது, என் காடு நன்றாக இழுக்கிறது, ஏழு வருஷத்துக்கு முன் சுனாமியில் ஊரையே காத்த காட்டைப் போய் சந்தேகப்பட்டேனே, இறங்கி ஓடிப்போய் ஒவ்வொரு மரத்தையும் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, சாருக்கு இப்போதே சொல்ல வேண்டும், அதற்குமுன் அக்காவிடம் ஒரு வார்த்தை, இனிமேல் அடுப்பு வேண்டாம், இன்றைக்கே வேண்டாம்... இரண்டு வருஷமாக அந்த மேடு முழுக்க எனக்கு ஆக்கிய சோறு, ஒருநாள்கூட நீங்க சாப்டீங்களாக்கா என்று நான் கேட்டதில்லை.

"மூட்டவாம்மா, சொல்லு" என்றார் அக்கா, மறுபடியும்.