கோழிக் கூடாரத்தில் மூன்றாம் பரிசு பெற்ற தேவதை

நோரிஸ் டாக் வண்ணம் தீட்டிய தேவதை, மை காய்வதற்குள் வாழ்த்து அட்டையிலிருந்து எழுந்து, சோம்பல் முறித்து, இரண்டு முறை தும்மிவிட்டு, மார்க்கர் பேனாக்கள் செருகியிருந்த குவளையின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தது. ஸ்கெல்பி ஊரின் மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்பு இது நடந்தது. அன்று ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஊரில் சிலர் இன்றைக்கும் ஹீட்டரைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

நோரிஸ் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஹல் நகரத்தில் இருக்கும் ஒரே மகள் ஜெம்மாவின் கல்யாணத்தன்று, ஒரு லோடு வெங்காயத்தோடு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. வருடாவருடம் அவளுடைய பிறந்தநாளுக்கு, போகிற வழியில் பெட்ரோல் பங்கில் வாங்கிய வாழ்த்து அட்டையை அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு வருடம் அவசரத்தில் 'இனிய பணி ஓய்வு' என்று அச்சிட்டதை அனுப்பிவிட்டார். அதற்கும் பதில் இல்லை, மற்றவற்றுக்கும் இல்லை. இந்த முறை கையாலேயே ஓர் அட்டை செய்து அனுப்புவது, அதற்கும் அவள் பேசாவிட்டால் இனித் தொந்தரவு செய்வதில்லை என்று முடிவெடுத்து, ஸ்கெல்பி கைவினை அட்டைச் சங்கத்தில் சேர்ந்தார். சங்கத்தில் அவர் ஒருவர்தான் ஆண்.

சங்கத்தின் தலைவி விவியன் கிராப்பர், கூடத்தின் சாவியை வைத்துக்கொள்ள வேறு யாரும் முன்வராததால் ஒவ்வோர் ஆண்டும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பித்தளையில் ஒரு பதவிச் சங்கிலி செய்வித்துக்கொண்டு, தேநீர்க் கோப்பை கழுவும்போதுகூட அதைக் கழற்றாதவர். அவர் புது உறுப்பினர்களுக்கு முதலில் சொல்லித்தருவது மையைப் பற்றி. மார்க்கருக்குள் இருப்பது ஸ்பிரிட். அது பட்டால் சாதாரணக் கறுப்பு மை கரைந்து ஓடும். எனவே உருவத்தின் கோடுகளைப் பதிக்கும் ரப்பர் முத்திரையை, ஸ்பிரிட்டில் கரையாத மையில்தான் தொட்டு அடிக்க வேண்டும். "கோடுதான் தேவதையை உள்ளே வெச்சிருக்கு" என்று ஆண்டுவிழாக்களில் முழங்குவார். அது உள்ளபடியே உண்மை என்பது, அவர் உட்பட, யாருக்கும் தெரியாது.

நோரிஸ் தேவதை முத்திரையைத் தொட்டது, லாரி டிப்போவில் சரக்குச் சீட்டுகளுக்கு அடிக்கும் கறுப்பு மையில். பிறகு தலைமுடிக்கு ஜெம்மாவின் முடியைப் போலவே ஆரஞ்சு, சிறகுக்கு மூன்று நீலங்கள், காலுக்கு, சின்ன வயதில் ஜெம்மா மழையில்லாத நாளிலும் கழற்ற மறுத்த மஞ்சள் ரப்பர் பூட்ஸ். நிறத்தோடு நிறம் சேருமிடம் தெரியக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு தேய்தேயென்று தேய்த்தார். குதிகால் அருகே கோடு கரைந்தது. தேவதை அந்த வழியாக வந்துவிட்டது.

"எந்த மையைத் தொட்டீங்க, நோரிஸ்?" என்றார் விவியன்.

"டிப்போ மைதாங்க, மிசஸ் கிராப்பர். சும்மாதானே கெடக்குன்னு எடுத்துட்டு வந்தேன்."

"கண்ணு, அது உன்னை மாதிரியே மூக்கைச் சொறியுது பாரு" என்றாள் பக்கத்து மேசை பெரில். அவளுக்கு உலகத்தில் எல்லோரும் கண்ணுதான்.

விவியன் ஒரு கணமும் வீணாக்கவில்லை. கேக் தட்டின் கண்ணாடி மூடியை எடுத்துத் தேவதையின் மேல் கவிழ்த்தார். சங்கத்தின் முத்திரையால், சங்கத்தின் நேரத்தில் செய்யப்பட்ட எதுவும் ஊரின் வேளாண் கண்காட்சிப் போட்டி முடியும்வரை சங்கத்துக்கே சொந்தம் என்ற விதியை எழுந்து நின்று வாசித்தார். கண்காட்சி சனிக்கிழமை. ஜெம்மாவின் பிறந்தநாள் திங்கட்கிழமை. நோரிஸின் கையில் மிஞ்சியது, தேவதையைச் சுற்றி அச்சாகியிருந்த காளான்களுக்கு நடுவே, அதன் அளவுக்கு வெள்ளையாக இருந்த ஓர் அட்டை. இன்னொன்று செய்யலாமென்றால் ஆரஞ்சு மார்க்கர் வற்றிப்போயிருந்தது. பழுப்பு முடியோடு செய்தவை எழுந்து, அவரை யாரென்றே கேட்காமல், கூடத்தின் உத்தரத்துக்குப் பறந்துபோயின. இதற்கிடையில் விவியனும் டிப்போ மையை இரவல் வாங்கி, வீட்டில் ஐந்து தேவதைகள் செய்து பார்த்தார் என்று கேள்வி. ஐந்தும் வெளியே வந்தன. சங்கிலியை மேலும் கீழும் பார்த்தன. திரும்ப அட்டைக்குள் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டன.

சனிக்கிழமை கண்காட்சியில், அட்டைப் பிரிவின் நடுவர் பெட்டிஃபர் அளவுகோலோடு வந்து, கண்ணாடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"அட்டை எங்கேம்மா?"

"தேவதைதான் அட்டை" என்றார் விவியன்.

"நாலு பக்கம் இல்லாததை நான் எப்படி அளக்கறது? சிறகு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப கோழிக் கூடாரத்துக்குக் கொண்டு போங்க."

அங்கே ஆர்பிங்டன் இனக் கோழி ஒன்று முதற்பரிசையும் ஒரு வாத்து இரண்டாம் பரிசையும் வாங்கின. தேவதைக்கு மூன்றாம் பரிசு. 'நடத்தை நன்று, இறகு போதாது' என்று குறிப்பு. விவியன் சங்கிலியை நேராக்கிக்கொண்டு, வைக்கோலுக்கு நடுவில் புகைப்படக்காரருக்கு முன் நின்றார். நோரிஸ் வெறும் அட்டையைத் திறந்து பிடித்தபடி அருகே வந்தார்.

"ஜெம்மாவுக்குன்னு செஞ்சதுங்க அது. நாளன்னைக்குப் பொறந்தநாள். இன்னைக்கு விட்டா தபால் போகாது."

"விதின்னா விதிதான், நோரிஸ். சாயங்காலம் மணியடிச்சதும் வந்து வாங்கிக்கோங்க."

"கண்ணாடி பளபளக்குதும்மா, கொஞ்சம் தூக்குங்க" என்றார் புகைப்படக்காரர்.

விவியன் தூக்கினார். தேவதை பறக்கவில்லை. மஞ்சள் பூட்ஸால் வைக்கோலை விலக்கிக்கொண்டு நடந்து வந்து, அட்டையில் ஏறி, வெள்ளை இடத்தில் படுத்து, முன்பு இருந்தபடியே முழங்காலை மடக்கிச் சரிபார்த்துக்கொண்டது. நோரிஸ் அட்டையை மூடினார். ஓடினார்.

"புடிங்க! சங்கத்துச் சொத்து!" என்ற அலறலில் ஆர்பிங்டன் கோழி கூண்டை முட்டித் திறந்தது, வாத்து அதைத் துரத்தியது, கூடாரம் முழுக்க இறகு பறந்தது. விவியன் துரத்திக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அங்கே பெரில் நின்றாள். வாசலுக்கும் பெரிலுக்கும் அகலம் ஏறக்குறைய ஒன்று.

"வழி விடு பெரில்!"

"இடுப்பு புடிச்சுக்கிச்சு கண்ணு. நகர முடியல."

மைதான வாசலில் தபால்காரர் பெட்டியைக் காலிசெய்து பூட்டப்போனார். நோரிஸ் மூச்சிரைக்க உறையை நீட்டினார்.

"உள்ள என்னமோ நெளியுதே?"

"வாழ்த்துதாங்க."

"நெளியற வாழ்த்தா? மேல 'மடக்காதீர்கள்'னு எழுதுங்க."

திங்கட்கிழமை காலை முழுவதும் நோரிஸ் போனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மத்தியானமும் உட்கார்ந்திருந்தார். இருட்டத் தொடங்கிய பிறகு மணி அடித்தது.

"அப்பா, இது என்ன சாப்பிடும்?"

நோரிஸ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "பால்ல ரொட்டி ஊறவெச்சுக் குடுத்துப் பாரும்மா."

"குடுத்தேன். என் மேலயே துப்பிடுச்சு." ஸ்பூனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "அது ஏன் என் பூட்ஸைப் போட்டுக்கிட்டிருக்கு?"

"நான்தான் போட்டுவிட்டேன்."

"நீயே வந்து சோறு ஊட்டு. எனக்குத் தெரியாது."

மறுநாள் முதல் பஸ்ஸில் நோரிஸ் போனார். அதன் பிறகு இது வழக்கமாகிவிட்டது. மார்க்கர் நிறம் வெயில் தாங்காது. ஜெம்மாவின் சமையலறையிலோ நாள் முழுக்க வெயில். மாதம் ஒருமுறை சிறகு வெளுத்துவிடும். வெளுத்ததும் ஜெம்மா கூப்பிடுவாள், நோரிஸ் மூன்று நீலங்களோடு பஸ் ஏறுவார், தேவதை சர்க்கரை டப்பாவின் மேல் முதுகைக் காட்டி உட்காரும், காயும்வரை மூன்று பேரும் டீ குடிப்பார்கள். சன்னலுக்கு ஒரு திரை போட்டால் இவ்வளவு சீக்கிரம் வெளுக்காதே என்று பெரில்தான் ஒருமுறை கேட்டனுப்பினாள். திரைக்கு அளவெடுத்து வைத்திருப்பதாக ஜெம்மா பதில் சொன்னாள். இன்னும் வாங்கவில்லை.