காப்புக் கோலம் போட்ட கத்தி

எங்கள் ஒழுங்கையில் எவர் வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். நான் தேடிப் போவதில்லை. என் ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். தொண்ணூற்றேழாம் ஆண்டு எதிர்வீட்டுப் பத்மாவதி விரலில் கட்டோடு வந்திறங்கிய அன்றே, சீனி கேட்கிற சாக்கில் போய் விசாரித்துவிட்டேன்.

பத்மாவதி வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் தியேட்டர் தாதி; அங்கே தாதிகளை 'மிஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். டொக்டர் தியாகராசாவுக்குக் கத்தி எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. மனிதர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டுவார். வெட்டி முடிந்ததும் பார்க்காமலே திருப்பித் தருவார். அப்படித் தந்ததில்தான் இரண்டாம் தடவையாக அவள் விரல் கிழிந்திருந்தது.

"அவர் என்ன சொன்னவர்?"

"மிஸிக்குக் கை பதறுதாம், அக்கா. வாற மாசம் வார்ட்டுக்குப் போகட்டுமாம்."

பதினாறு வருஷம் தியேட்டரில் நின்றவள். அழவில்லை. கொப்பியில் ஒரு படம் கீறிக்கொண்டிருந்தாள். கத்திப் பிடியின்மேல் ஒரு சின்ன உறை. பெருவிரலால் முன்னே தள்ளினால் அலகை மூடும், பின்னே இழுத்தால் திறக்கும். கைமாறும்போது அலகு வெளியே தெரியாது. வெள்ளிக்கிழமை ஒரு தடவை பாவித்துப் பார்க்கும்படியும், சரிவராவிட்டால் தானே வார்ட்டுக்குப் போவதாகவும் டொக்டரிடம் சொல்லியிருந்தாள். அவர் சிரித்துக்கொண்டு ஓம் என்றாராம்.

செய்துகொடுத்தவர் நகைக்கடை நிலாம் நானா. தங்கத்திலா வெள்ளியிலா என்று கேட்டவருக்கு எவர்சில்வர் என்றதும் முகம் சுருங்கியது. ஆனாலும் செய்தார்.

புதன்கிழமை பின்னேரம், நல்ல மழை. அதை வாங்கிக்கொண்டு வரும்போது காலி வீதி செக்பொயின்ற்றில் பையைத் திறக்கச் சொன்னார்கள். பொலிஸ்காரி அதைத் தூக்கிப் பிடித்து, "மேக மொகத்த?" என்று, இது என்னவென்று கேட்டாள். அலகு பூட்டாத வெறும் பிடிதான். பத்மாவதி சிங்களத்தில் விளக்கினாள். பொலிஸ்காரி நம்பாமல் தன் ஈரப் பெருவிரலால் உறையைத் தள்ளிப் பார்த்தாள். விரல் வழுக்கியது. உறை அசையவில்லை. மறுபடியும் தள்ளினாள், மறுபடியும் வழுக்கியது. உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்தாள். பத்மாவதியின் முகம் செத்துவிட்டது. எனக்கெப்படித் தெரியும் என்றால், பின்னால் குடையோடு நின்றது நான்தான்.

நேரே கடைக்குத் திரும்பினோம்.

"ஏன் நானா இப்பிடி மினுக்கினீங்கள்? முகம் பாக்கலாம் போல கிடக்கு," என்றாள் பத்மாவதி.

"மினுங்காட்டி இது நிலாம்ட வேலையெண்டு யாரு நம்புவாங்க?"

"ரத்தம் பட்ட கையுறைக்கு வழுக்குமெல்லோ."

நிலாம் நானா பிடியை வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு லாச்சியைத் திறந்து, நான் திருத்தக் கொடுத்திருந்த காப்பை எடுத்தார். அதைத் தண்ணீரில் தோய்த்து, குறுக்குவெட்டுக் கோலத்தின்மேல் பெருவிரலை வைத்து அழுத்தினார். விரல் பிடித்து நின்றது.

"ஆழமா வெட்டிப்போடாதேங்கோ, அழுக்குத் தங்கும்," என்றாள் பத்மாவதி. "கழுவிற பிரஷ் போய்வர வேணும்." அடுத்த நாளே நானா உறையின்மேல் அதே கோலத்தை வெட்டிக் கொடுத்தார்.

என் இடதுகையில் ஒரு கொழுப்புக்கட்டி ஏழு வருஷமாய் இருந்தது. அதை அந்த வெள்ளிக்கிழமையே வெட்டுவிக்க வேண்டுமென்று எனக்குத் திடீரென்று தோன்றியது. அக்கம்பக்கத்தில் ஏதேதோ கதைத்தார்கள். கதைக்கட்டும்.

கையை மட்டும் விறைக்கப்பண்ணினார்கள். பச்சைத் துணிக்கு இந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தேன். டொக்டர் வெட்டினார். முடிந்ததும் பழைய பழக்கத்தில், பார்க்காமல், அலகு திறந்தபடியே கத்தியை நீட்டினார். பத்மாவதி வாங்கவில்லை.

"மூடித் தாங்கோ, டொக்டர்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பதினாறு வருஷத்தில் அதுதான் முதல்தரமாக இருக்கும். என் ரத்தம் தோய்ந்த தன் கையுறைப் பெருவிரலால் உறையைத் தள்ளினார். வழுக்காமல் போய் 'டிக்' என்று அலகை மூடியது. அவள் கையை நீட்டி வாங்கினாள். அந்தக் கை பதறவேயில்லை.

டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "திங்கட்கிழமை பெரிய ஒப்பரேஷன், மிஸி. நீங்கள்தான் நிக்கவேணும். இதில இன்னும் மூண்டு செய்விச்சு வையுங்கோ."

எனக்கு நாலு தையல். பார்க்க வருகிறவர்களுக்குத் தையலைக் காட்டிவிட்டு, காப்பையும் கழற்றிக் கையில் கொடுக்கிறேன். நனைத்துப் பார்க்கத் தண்ணீரும் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.