கட்டைவிரல் பதிந்த தட்டு

உடைந்துவிட்டது என்று அக்கா கம்பெனியில் சொன்னது பச்சைப் பொய். தம்பி கடைசியாகச் செய்த தட்டு எட்டு மாதமாக அவள் பீரோவில், அவனுடைய சட்டைகளுக்கு நடுவே இருந்தது.

இருவருக்கும் ஒரே கம்பெனி. மக்கும் பிளாஸ்டிக்கில் சணல் நாரைக் கலந்து, சூட்டில் அழுத்தித் தட்டு செய்வது தம்பி. அதைத் தண்ணீரிலும் புழுக்கத்திலும் போட்டு எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பது அக்கா. ஒவ்வொரு தொகுதியிலும் முதல் தட்டின் ஓரத்தில், சூடு ஆறுமுன் கட்டைவிரலைப் பதித்துவிடுவான்.

"எதுக்குடா இது?"

"நீ கொல்லப்போற தட்டாச்சே! செத்தது யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரிய வேண்டாமா, மகராணி?"

கடைசித் தொகுதியை முடித்த மாலையே, வழியில் லாரி மோதி அவன் போய்விட்டான்.

இன்று மேலாளர் வந்து நின்றார். "அந்தத் தொகுதி பூரா வெடிச்சு உதிருதும்மா. சோதிக்க முழுத் தட்டு ஒண்ணுகூட இல்ல. மிஷின்ல நின்னவன் தப்புன்னு எழுதி மூடப்போறாங்க."

"அவன் அப்படி விடுறவன் இல்ல சார்."

மதியமே வீட்டுக்கு ஓடினாள். சட்டைகளை விலக்கித் தட்டைத் தூக்கியதும், கட்டைவிரல் ரேகையின் குறுக்கே அது இரண்டாகப் பிட்டுக்கொண்டது. உள்ளே நார் உப்பி, பிளாஸ்டிக்கை விட்டு விலகி நின்றது. காரணம் தெரிய அவளுக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஈரநாரை அழுத்தினால் அந்த ஈரமே சூட்டில் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். மிச்சத்தைக் காற்றின் ஈரம் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கடைசி மாலையின் போன் பேச்சு காதில் கேட்டது.

"அக்கா, நார் காயல. இன்னும் நாலு மணி நேரமாவது சூட்டுப்பெட்டியில இருக்கணும்."

"பெரிய விஞ்ஞானி! அம்மா ஆஸ்பத்திரியில தனியாக் கிடக்கா. அழுத்திட்டுக் கிளம்புடா."

"தட்டு உதிர்ந்தா என்னைத் திட்டக் கூடாது."

"திட்டல. வா."

இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். உப்பிய நார் இடித்தது. ரேகை ரேகையோடு சேரவில்லை.

சாயங்காலம் துண்டுகளோடு அறிக்கையும் மேலாளர் மேஜைக்குப் போனது. காரணம்: நார் உலர்த்தப்படவில்லை. பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தாள்.

"மிஷின்ல நின்னது அவன்தானேம்மா?"

"சீக்கிரம் வாடான்னு கூப்பிட்டது நான், சார்."