தொட்டி நிறையும் நேரம்

என் பெயரைச் சொன்னால் இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘நாளைக்கு’ பிளம்பர் என்றால் எல்லோருக்கும் தெரியும். யார் கூப்பிட்டாலும் நாளைக்கு வருகிறேன் என்பேன். ஏமாற்ற வேண்டும் என்றில்லை. ஒருத்தன் ஒரே நாளில் எத்தனை வீட்டில்தான் போய்க் குனிவது? முடியாது என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். நாளைக்கு என்றால் சரி என்று போனை வைத்துவிடுகிறார்கள். என் வாய் அதற்குப் பழகிவிட்டது.

அந்தப் பெண் கூப்பிட்டபோதும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. கக்கூஸில் ஃப்ளஷ் சரியாக இறங்காதது பழைய கதையாம். இப்போது யாரும் தொடாமலே இறங்குகிறதாம், தினமும் மூன்றே முக்காலுக்கு. மணி பார்த்து இறங்குகிற தொட்டியை இருபத்தெட்டு வருஷத்தில் நான் கண்டதில்லை. அப்போது நான் நின்றதும் பக்கத்துத் தெரு. உடனே வருகிறேன் என்றேன். சொன்னபடி போயும் சேர்ந்தேன், எனக்கே நம்ப முடியவில்லை.

இரண்டாம் மாடி. கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கூடத்தில் தையல் மிஷின், அதைச் சுற்றி வெட்டிய சீருடைத் துணி. வீட்டில் வேறு ஆள் இல்லை. நடையின் கோடியில் இருந்த கதவைக் கையால் காட்டிவிட்டு அவள் மிஷின் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். கூடவே வந்து நின்று உயிரை வாங்காத வீட்டுக்காரர் கிடைப்பது அபூர்வம். நல்லதாகப் போயிற்று என்று உள்ளே போனேன்.

கதவில் தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் மரம் பிளந்து, அதன்மேல் புதுப் பலகைத் துண்டு அடித்திருந்தது. யாரோ வெளியிலிருந்து உடைத்திருக்கிறார்கள். உள்ளே தலைக்குமேல் இரும்புத் தொட்டி, கீழே வரை தொங்கும் நீளச் சங்கிலி, முனையில் மரப்பிடி. இந்தக் காலத்தில் யார் வீட்டிலும் இல்லாத சாமான். ஜன்னல் சாத்தியிருந்தது, காற்று கிடையாது. சங்கிலி மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் கதவைத் தள்ளிய வேகத்தில் ஆடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பிடியைப் பிடித்தேன். இப்போதுதான் யாரோ கையை எடுத்ததுபோல் அது வெதுவெதுப்பாக இருந்தது.

இழுத்தேன். தண்ணீர் ஏனோதானோவென்று இறங்கி, பீங்கானை நனைத்துவிட்டு நின்றது. உடனே மறுபடி இழுத்தேன். சங்கிலி கடகடத்தது, ஒரு சொட்டு வரவில்லை. இந்த மாதிரித் தொட்டி அப்படித்தான். அதன் அளவுக்கு நிறைந்தால் ஒழிய இறங்காது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிறைந்து அடங்க முழுசாகப் பதினோரு நிமிடம் ஆயிற்று.

ஸ்டூல் போட்டு ஏறி மூடியைத் தூக்கினேன். தண்ணீர் வரும் வால்வின் வாயில் உப்பு சுண்ணாம்பாக அடைத்திருந்தது. மிதவைக் கம்பி வளைந்து, தொட்டி முக்கால் நிறைவதற்குள் தண்ணீரை மூடிவிடுகிறது. எனக்கு முன்னால் கை வைத்த மகராசன் எவனோ மூட்டில் பழைய துணியைச் சுற்றி நூல் கட்டியிருந்தான். அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஃப்ளஷ் சரியாக இறங்காததற்குக் காரணம் கையில் இருந்தது. தானாக இறங்குவதற்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

கீழே தண்ணீரை அடைக்கக் குனிந்தபோதுதான் சுவரைப் பார்த்தேன். உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்தில் பென்சிலால் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது. என் நம்பர். அதன் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று முறை ‘நாளை’ என்று எழுதியிருந்தது. முதல் இரண்டையும் கோடு போட்டு அடித்திருந்தது. மூன்றாவதை அடிக்கவில்லை.

குரல் உடனே ஞாபகம் வந்தது. நாலைந்து மாதம் இருக்கும். ஒரு பெரியவர் போனை எடுத்ததும் ‘தம்பி, சாப்பிட்டீங்களா?’ என்றுதான் ஆரம்பிப்பார். முட்டி மடங்கவில்லை, வாளி தூக்க முடியவில்லை, சங்கிலியைத்தான் நம்பியிருக்கிறேன், கொஞ்சம் வந்து பாருங்கள் என்பார். மூன்று நாளும் நாளைக்கு என்றேன். நாலாம் நாள் அவர் கூப்பிடவில்லை. தொல்லை விட்டது என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

வேலையை முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று கையை வேகமாக ஓட்டினேன். உப்பைச் சுரண்டினேன், வாஷர் மாற்றினேன், கம்பியை நிமிர்த்தினேன். இப்போது இரண்டே நிமிடத்தில் தொட்டி நிறைந்தது. இழுத்தால் தண்ணீர் சுழன்று அடித்துக்கொண்டு போனது. கதவைத் திறந்து வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அவள் மிஷின் முன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தைக்கவில்லை.

“அப்பா உள்ளதான் இறந்து போனார்” என்றாள். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்.”

அவளே சொன்னாள். அன்றைக்கு நாற்பது சட்டை தைத்துக் கொடுக்க வேண்டியிருந்ததாம். அப்பா உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். ஃப்ளஷ் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. அந்த வீட்டில் அது புதுசில்லை. ஒரு இழுப்பில் எதுவும் போகாது. அவள் வாளியில் ஊற்றிவிடுவாள். அவர் குனிய முடியாமல் பேப்பர் படித்துக்கொண்டே தொட்டி நிறையக் காத்திருந்து மறுபடி இழுப்பார். அதனால் அவள் எழுந்திருக்கவில்லை. மொத்தம் ஐந்து தடவை கேட்டது. நாலாவது தடவை, போதும் விடுங்கப்பா, நான் வந்து ஊத்துறேன் என்று கத்திவிட்டு, எரிச்சலில் மிஷினை இன்னும் வேகமாக மிதித்திருக்கிறாள். பிறகு சத்தம் இல்லை. கதவை உடைத்தபோது அவர் சுவரில் சாய்ந்து கிடந்தார். பிடி கையில் இருந்தது.

“என்னைக் கூப்பிட்டிருக்கார்” என்றாள். “நான் ஃப்ளஷ்ஷுன்னு நெனச்சேன்.”

அன்றைக்கு வேலை மும்முரத்தில் நேரம் பார்க்கவில்லையாம். ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் வந்ததாகத்தான் ஞாபகமாம். சில நிமிடத்தில் முடிந்திருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு சங்கிலியை அவள் தொட்டதே இல்லை. இப்போது தினமும் முதல் சத்தம் வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவாளாம், பொழுது சாய்ந்துதான் மேலே வருவாளாம். இரண்டாவது சத்தத்துக்கு ஒரு நாளும் அவள் வீட்டில் இருந்ததில்லை.

“அந்தத் தொட்டி ஒரு தடவை நிறைய எவ்வளவு நேரம் ஆகும்ணா?”

ஐந்து இழுப்பு. நடுவில் நாலு முறை நிறைய வேண்டும். நாலு பதினொன்று நாற்பத்து நாலு. முக்கால் மணி நேரம் அந்த மனுஷன் உயிரோடு காத்திருந்து காத்திருந்து இழுத்திருக்கிறார். அவள் முகத்தைப் பார்த்தேன்.

“ரெண்டு நிமிஷம்மா.”

“நீங்க ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடியும் அவ்வளவுதானா?”

“முன்னாடியும் அதேதான்.”

எட்டு நிமிடம் என்று அவள் உதட்டுக்குள் கணக்குப் போட்டாள். எட்டு நிமிடத்தில் ஓடிப் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது இல்லையா என்று கேட்டாள். ஆகியிருக்காது என்றேன். பல நாளைக்குப் பிறகு சுமையை இறக்கி வைத்த ஆள்போல் அவள் தோள் தளர்ந்தது. பொய் சொல்லியே பிழைத்தவன், ஒரு நல்ல பொய் சொன்னேன் என்று எனக்கும் ஆறுதலாக இருந்தது.

அப்போது மணி மூன்றே முக்கால்.

திறந்திருந்த கதவு வழியாக நான் கண்ணால் பார்த்தேன். மரப்பிடி கீழே இறங்கியது. ஒரு கை பிடித்து இழுத்தால் எப்படி இறங்குமோ அப்படி, கடைசியில் ஒரு சின்னத் தயக்கத்தோடு. தண்ணீர் சுழன்று அடித்துக்கொண்டு போனது. பிடி மேலே ஏறி நின்றது. ஓடலாம் என்றால் வாசல் கதவுக்கும் எனக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவள் அன்றைக்கு ஓடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிடத்தில் தொட்டி நிறைந்து சத்தம் அடங்கியது. இப்போது இழுப்பார் என்று அவளும் காத்திருந்தாள், நானும் வேண்டிக்கொண்டேன். இழுத்துவிடுங்கள் ஐயா, என் வார்த்தையைக் காப்பாற்றுங்கள். பிடி அசையவில்லை. மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். அவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். தொட்டி ததும்ப நிறைந்து நின்றது, அவருக்கு மட்டும் அது இன்னும் நிறையவில்லை.

பதினோராவது நிமிடம் பிடி இறங்கியது.

“பதினொண்ணு” என்றாள். “நாலு பதினொண்ணு.” அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. “தெரியும்மா. முதல்லயே மணி பார்த்துட்டேன். அப்பாகிட்ட மூணு நாளும் நாளைக்கு நாளைக்குன்னு சொன்னவன் நான்தான்.”

“தெரியும்ணா. சுவத்துல இருந்த நம்பரப் பார்த்துத்தானே உங்களக் கூப்பிட்டேன்.”

எழுந்தாள். அளவு நாடாவைக் கழற்றி மிஷின்மேல் வைத்தாள். நடையில் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துப் போய், நிலைப்படியில் ஒரு கணம் நின்று, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெதுவான குரல்தான், ஆனால் கேட்டது.

“மிஷின நிறுத்திட்டேன்ப்பா. வந்துட்டேன்.”

இப்போது வாசலுக்கு வழி இருந்தது. போயிருக்கலாம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றும் வந்தது. சத்தம் இல்லை. பதிமூன்று ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. தொட்டி சும்மா இருந்தது. அப்பாடா, முடிந்தது என்று நெற்றியைத் துடைத்தேன்.

உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள். பக்கத்து அறையிலிருந்து யாரையாவது கூப்பிடுகிற சாதாரணக் குரல்.

“அண்ணா, தம்பி சாப்பிட்டாரான்னு அப்பா கேக்கிறார். உங்கள உள்ள வரச் சொல்றார்.”

நாளைக்கு வருகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். பையை எடுத்துக்கொண்டு நடையில் நடந்தேன்.