சபுரா கேட்ட ஒரு முழம் மண்

எங்கள் காலனியில் இருபத்திரண்டு வீடுகள். எல்லா வீட்டுக்கும் இரண்டு குழாய். ஒன்று நல்ல தண்ணீருக்கு, இன்னொன்று ஒருமுறை பயன்படுத்திய தண்ணீருக்கு. அந்த இரண்டாவது குழாய் போடாத வீட்டுக்குச் சாவி கிடையாது என்று விதி எழுதியவன் நான்தான். எழுதியதோடு நிற்காமல், வீடு வீடாகப் போய்க் குனிந்து பார்த்து, வாய்க்கு வந்தபடி கத்தியவனும் நான்தான்.

வேதாசலம் என்று பெயர். சொந்த ஊர் புள்ளலூர். அப்போது உத்திரமேரூரில் ஒரு வீடு கட்டும் சங்கத்தில் ஓவர்சியராக இருந்தேன். எண்பத்து மூன்றாம் வருஷம் மழை பொய்த்து, ஏரிக்குள் மாடு மேய்ந்தது. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக் கிணற்றில் வாளி தரையில் இடித்தது. என் மனைவி செல்லம்மாள் லாரித் தண்ணீருக்கு வெயிலில் நின்று, நாலு பேரிடம் பேச்சு வாங்கி, இரண்டு குடம் கொண்டு வருவாள். அதில் ஒரு குடம் கக்கூசில் கொட்டப்படும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இந்த விதி.

ஏற்பாடு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குளித்த தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் தனிக் குழாயில் ஓடி, மணலும் கரியும் போட்ட தொட்டியில் வடியும். வடிந்ததைக் கைப்பம்பால் அடித்து, கக்கூசுக்கு மேலே இருக்கிற டிரம்மில் ஏற்ற வேண்டும். சங்கிலியை இழுத்தால் அந்தத் தண்ணீர்தான் விழும். கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது ஒருவர் எழுந்து, "அடுத்த வருசம் அதையே குடிக்கச் சொல்லுவாரு போல கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கை தூக்கச் சொன்னபோது தூக்கினார்கள். தாகம் அப்படி.

முதலில் முடிந்தது தாமோதரன் வாத்தியார் வீடு. பின்கட்டில் வாழைக்கன்று வைக்க வேண்டும் என்று ஒரு பாத்தி அளவு மண் கேட்டார். போனால் போகிறதென்று விட்டேன். மூன்றே மாதத்தில் வீட்டுத் தண்ணீர் மொத்தமும் வாழைக்குப் போனது. கக்கூஸ் டிரம்மில் பல்லிதான் குடியிருந்தது. அன்றைக்குச் சபதம் எடுத்துக்கொண்டேன். மீதி எந்த வீட்டிலும் பின்கட்டில் ஒரு சாண் மண்கூட வெளியே தெரியக்கூடாது. சுவரிலிருந்து சுவர் வரைக்கும் சிமெண்ட், எல்லாச் சரிவும் குழாயைப் பார்த்து.

பதினாலாம் நம்பர் வீடு முஸ்தபா பாயுடையது. பஜாரில் கோணிப்பை வியாபாரம். நெல் மண்டிக்காரர்கள் எல்லாம் அவரிடம்தான் சாக்கு வாங்குவார்கள். அதிர்ந்து பேசாத மனிதர். நான் போடச் சொன்ன குழாயைப் போட்டார், தோண்டச் சொன்ன இடத்தில் தோண்டினார், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு அவரைப் பிடித்ததற்கு அதுதான் காரணம் என்று இப்போது சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அவர் வீட்டுக்குப் பின்கட்டுத் தரை போடுவதற்கு முதல் நாள், மாசி மாதம், அவர் மனைவி சபுரா தனியாக வந்தார். தலையில் முக்காடு, கையில் எனக்கும் கொத்தனார் வீராசாமிக்கும் தூக்கில் டீ. டீயைக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"அண்ணே, அந்த மூலைல மட்டும் சிமெண்ட் போடாம வுடுவீங்களா? ஒரு மொழம் மண்ணு போதும்."

"எதுக்கும்மா?"

கொஞ்சம் தயங்கினார். "மருதாணிச் செடி வெக்கலாம்னு."

"மருதாணிய ஒரு டின்னுல வெச்சிக்கோங்க. உங்களுக்கு வுட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

"டின்னு பத்தாதுண்ணே. கொஞ்சம் ஆழமா மண்ணு இருந்தா நல்லாருக்கும்."

"ஒரு மருதாணிக்கா? தோப்பா போடப் போறீங்க?" என்று சொல்லி நான் சிரித்தேன். வீராசாமியும் சிரித்தான். அந்தம்மாளும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு, "நான் வந்து கேட்டேன்னு அவருகிட்ட சொல்லிடாதீங்கண்ணே. வேல நடக்கற எடத்துல உனக்கு இன்னா வேலன்னு கோச்சிப்பாரு" என்றார். சரி என்றேன். மறுநாள் சுவரோடு சுவராகத் தரை போட்டோம். ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி என்று கலவை. நூறு வருஷம் ஆனாலும் வெடிக்காது என்று நானே முஸ்தபா பாயிடம் பெருமை பேசினேன்.

ரம்ஜான் நோன்புக்கு முன்னாலேயே குடி வந்துவிட்டார்கள். சோதனைக்குப் போகும்போதெல்லாம் அந்த வீட்டு டிரம் நிறைந்திருக்கும். மற்ற வீட்டுக்காரர்களிடம் பதினாலாம் நம்பரைப் போய்ப் பாருங்கள் என்பேன். போகப் போக சபுரா இளைத்துக்கொண்டு வந்தார். வயிற்றில் புண், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மருந்து தருகிறார்கள் என்று முஸ்தபா பாய் சொன்னார். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

அடுத்த மாசியில் ஒரு காலை, சபுரா இறந்துபோனதாகச் செய்தி வந்தது.

நான் போனபோது தெருவில் இருபது முப்பது ஆண்கள் நின்றிருந்தார்கள். உள்ளே ஓதுகிற சத்தம் கேட்டது. முஸ்தபா பாய் வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த நேரத்திலும் எழுந்து நின்றார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

சற்று நேரத்தில் கதவருகே உம்முல் குல்சும் வந்தார். அவர்கள் ஜனத்தில் பெண்கள் இறந்தால் குளிப்பாட்டுகிறவர். வயதானவர், முஸ்தபா பாய் பூபூ என்று கூப்பிடுகிற அத்தை முறை, குரல் கணீரென்று இருக்கும். "முஸ்தபா, குளிப்பாட்டற தண்ணி எங்கப்பா போவும்? குழி வெட்டலாம்னு பின்னால போனா கைப்பிடி மண்ணு கூட இல்ல" என்றார்.

முஸ்தபா பாய்க்குச் சட்டென்று புரியவில்லை. உம்முல் குல்சுமே சொன்னார். "மவுத்தானவங்கள குளிப்பாட்டின தண்ணி யாரு காலும் படாம மண்ணுக்குள்ள போவணும். அதான நம்ம வழக்கம்? இங்க எல்லாத் தண்ணியும் அந்தக் குழாயில போயி, தொட்டில வுழுந்து, திரும்பி கக்கூசுக்குல்ல வருது."

 தெருவில் யாரும் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். குழாய் வாயைச் சாக்கால் அடைக்கலாம் என்றார் ஒருவர். அடைத்தால் பின்கட்டெல்லாம் தேங்கும், அத்தனை பெண்கள் காலிலும் மிதிபடும். உம்முல் குல்சும் உடலைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார், அங்கே மண் கொல்லை இருக்கிறது. முஸ்தபா பாய் தலையை ஆட்டினார்.

"வாணாம் பூபூ. எங்கம்மா மவுத்தான அன்னிக்கி இன்னா நடந்துச்சி, மறந்துட்டியா?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, எனக்குத் தெரியாது என்பதால், நிதானமாகச் சொன்னார். "அப்ப வாடக வூட்ல இருந்தோம் சார். இங்க குளிப்பாட்டக் கூடாது, குழி வெட்டக் கூடாதுன்னு வூட்டுக்காரரு சொல்லிட்டாரு. மாட்டு வண்டில வெச்சி, பஜார் வழியா, இன்னொருத்தர் வூட்டுக்கு எடுத்துக்கினு போனோம். சபுரா வண்டிய புடிச்சிக்கினு பின்னாலயே நடந்து வந்தா. அன்னிக்கி சொன்னா, எப்பாடு பட்டாவது சொந்தமா ஒரு வூடு கட்டணும்னு. அதுக்குத்தான் சார் இந்த வூடு. அவ இங்கேர்ந்துதான் போவணும்."

எனக்கு அப்போதுதான் மூளையில் உறைத்தது. மருதாணி இல்லை. அந்தம்மாள் மருதாணிக்குக் கேட்கவே இல்லை. கட்டிக்கொண்டிருக்கிற வீட்டில் நின்றுகொண்டு, எனக்குச் சாவு வரும், என்னைக் குளிப்பாட்டிய தண்ணீர் போக ஒரு முழம் மண் விடு என்று எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்? நம் பக்கத்தில் புது வீட்டில் தும்மினால்கூட ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவோம். வேறு காரணம் சொல்லத் தெரியாமல் ஒரு செடியின் பெயரைச் சொல்லியிருக்கிறார். நான் தோப்பா என்று கேட்டுச் சிரித்தேன். அந்த நிமிஷம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"வீராசாமி, கடப்பாறை எடுத்தா" என்று தெருவில் நின்றிருந்த கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குள் போனோம். பெண்கள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த மூலையில் நானே முதல் குத்து குத்தினேன். கடப்பாறை தெறித்தது. தரையில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது, அவ்வளவுதான். வீராசாமி பல்லைக் கடித்துக்கொண்டு, "சிமெண்ட்டு கொஞ்சம் கூடப் போடு, கூடப் போடுன்னு நீதான சார் சொன்ன" என்றான்.  மாற்றி மாற்றிக் குத்தினோம். இறந்தவர் கிடக்கிற வீட்டில், ஓதுகிற குரலுக்கு மேல், டங் டங்கென்று அந்தச் சத்தம். முக்கால் மணி நேரம் அந்தத் துக்க வீடு எங்களுக்காகக் காத்திருந்தது. என் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்தது. ஒரு முழத்துக்கு ஒரு முழம் தரை பெயர்ந்து வந்தபோது, கீழே மண் ஈரமாக இருந்தது. இடுப்பளவு தோண்டி, குழாய் வாயைக் கோணியால் அடைத்து, பெயர்த்த துண்டுகளை வரிசையாக வைத்துத் தண்ணீர் குழிக்குள் இறங்க வழி செய்துவிட்டு வெளியே வந்தோம்.

பெண்கள் சேலைகளைக் கொண்டு சுற்றிலும் திரை கட்டினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். பிற்பகல் தொழுகைக்குப் பிறகு எடுத்துப்போனார்கள். நானும் கூடப் போய், மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாம் குழாய் தப்பென்று அப்போதும் நான் நினைக்கவில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். அந்தக் கோடையில் உத்திரமேரூரில் கக்கூசுக்குக் குடம் தூக்காத பெண்கள் எங்கள் காலனியில்தான் இருந்தார்கள். தண்ணீரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் தப்பு.

அடுத்த நாளிலிருந்து பஜாரில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள். துக்க வீட்டில் ஆபீசர் தன் கையால் கடப்பாறை பிடித்தாராம், தான் போட்ட சட்டத்தைத் தானே உடைத்தாராம். டீக்கடையில் என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்றார்கள். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். சபுரா என்னிடம் மண் கேட்டதைச் சொல்லாமல் விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வீராசாமிக்கு அந்தப் பேச்சு நினைவிலேயே இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, பாவம், அந்த மனிதரை இன்னும் நோகடிப்பானேன் என்று எனக்கு நானே இரண்டு நாள் நியாயம் பேசிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதும் சடங்குக்கு முஸ்தபா பாய் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். எல்லோரும் போன பிறகு பின்கட்டுக்கு அழைத்துப்போனார். குழியை மண் போட்டு மூடி, மேலே தட்டிவிட்டிருந்தார்.

"இத திரும்பவும் பூசணும்னா பூசிடுங்க சார். சட்டம்னு ஒண்ணு கீதுல்ல" என்றார்.

"வாணாம் பாய். அப்படியே இருக்கட்டும்."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கொப்புளம் வலித்தது. "இருபது வருசம் என்கூட குடித்தனம் பண்ணா சார். ஒரு நல்ல பொடவ வாங்கிக் குடுத்ததில்ல. ஆனா போற அன்னிக்கி அவளுக்கு ஒரு கொறையும் இல்ல. சொந்த வூட்ல, சொந்த மண்ணுல. உங்களாலதான் சார். நான் செத்தாலும் மறக்க மாட்டேன்."

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"பாய், என்ன கும்பிடாதீங்க" என்றேன். "அந்தம்மா எங்கிட்ட கேட்டாங்க. இதே மூலைல, ஒரு மொழம் மண்ணு வுடச் சொல்லிக் கேட்டாங்க. நான்தான் முடியாதுன்னுட்டேன்."

அவர் என் கையை விடவில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"எப்ப கேட்டா?"

"தர போடறதுக்கு மொத நாளு. போன மாசி."

"நோம்புக்கு முந்தியா?"

"முந்திதான். மூணு மாசம் இருக்கும்."

அவர் என் கையை விட்டுவிட்டு, விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். "டாக்டரு எங்கிட்ட சொன்னது அவ கேட்டு ஆறு மாசம் கழிச்சி, பக்ரீத்து முடிஞ்சி. இனிமே பொழைக்க மாட்டாங்க, வூட்டுக்குக் கூட்டிக்கினு போங்கன்னாரு. நான் அவகிட்ட சொல்லவே இல்ல சார். கடைசி வரைக்கும் வெறும் புண்ணுதான், ஆறிடும், ஆறிடும்னு சொல்லிக்கினே இருந்தேன். ஆறிடும்ல, ஆறிடும்லன்னு அவளும் கேட்டுக்கினே இருந்தா."

மறுபடியும் என் கையை இறுகப் பிடித்தார்.

"இன்னா சொல்லிக் கேட்டா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். டீ கொண்டு வந்தது, தயங்கியது, மருதாணி, டின் பத்தாது என்றது, ஆழமாக மண் வேண்டும் என்றது, அவரிடம் சொல்ல வேண்டாம் என்றது. ஒன்றையும் மறைக்கவில்லை. நான் தோப்பா என்று கேட்டுச் சிரித்ததையும் சொன்னேன்.

"அதுக்கு அவ இன்னா பண்ணா?"

"அவங்களும் சிரிச்சாங்க பாய்."

"சிரிச்சாளா?" என்றார்.

அந்த மூலையில் குந்தி, தட்டிவிட்ட மண்ணின் மேல் உள்ளங்கையை வைத்தார்.