பௌர்ணமி ஏற்றத்தில் பெனடிக்டா

"பெனடிக்டா வளந்துட்டால்லா. இந்தப் பௌர்ணமிக்கு விடமாட்டாவ" என்று பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். நான் பின்னால் இருப்பதை அவள் கவனிக்கவில்லை. பெனடிக்டா என் தங்கை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடலில் இருப்பவர்கள் தூண்டில் போட வருவார்கள். அந்த நாட்களில் ஏற்றம் பெரிதாக இருக்கும். தண்ணீர் தெருமுனை வரை வரும், அவர்களுடைய நூல் எங்கள் வாசலை எட்டும். அட்டமி, நவமியில் கடலுக்கு அவ்வளவு எழுச்சி கிடையாது. எனவே கல்யாணங்களையும் பள்ளித் தேர்வுகளையும் அந்த நாட்களில் வைத்துக்கொள்கிறோம். காற்று பலமாக இருந்தாலும் அவர்கள் வருவதில்லை. நூல் நினைத்த இடத்தில் விழாது.

தூண்டிலில் இரை வைப்பதில்லை. அவரவருக்குப் பிடித்தது எதுவோ அதைப்போல ஒன்றை இறகுகளால் கட்டி அனுப்புவார்கள். எனக்கு வந்தது ஒரு காலி நாற்காலி, வகுப்பில் கடைசி வரிசையில் சுவரோரமாக இருப்பது போன்றது. எதைத் தொட்டாலும் முள் உதட்டில்தான் மாட்டும்.

பிடிபடுவதில் பெரிய தொந்தரவு இல்லை. எங்களைத் தொடுவதற்கு முன் அவர்கள் கைகளை மணலில் தேய்த்து உலர்த்திக்கொள்வார்கள். ஈரக்கை பட்டால் எங்கள் தோலுக்கு ஆகாது என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள். பிறகு ஒரு வெள்ளைக் கோலை அருகில் நிறுத்தி அளப்பார்கள். குறைவாக இருந்தால், காற்று வரும் திசையில் முகத்தைத் திருப்பி, மூச்சு சீராகும்வரை தாங்கிப் பிடித்திருந்து விட்டுவிடுவார்கள். கொஞ்ச நாளைக்கு ரசம் குடித்தால் உதடு எரியும், அவ்வளவுதான். கோலைத் தாண்டியவர்களை விடுவதில்லை. எங்கள் தச்சர்கள் வாசல் நிலைகளை அந்தக் கோலின் உயரத்துக்கே செய்கிறார்கள்.

போன வாரம் துவைத்த துணியோடு உள்ளே வந்த பெனடிக்டாவின் தலை நிலையில் இடித்தது. சின்னச் சத்தம்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். அம்மா எழுந்து வந்து அவள் உச்சியில் எண்ணெய் வைத்தாள். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

மறுநாள் முதல் பெனடிக்டாவுக்கு முட்டையும் பாலும் நிறுத்தப்பட்டன. கால் நீட்டிப் படுக்கக்கூடாது என்றார்கள். பக்கத்து வீட்டு ரெமீஜியா மைனி, இவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதென்றால் இனிமேல் ஆழ்கடலில்தான் பார்க்கவேண்டும் என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு தன் வீட்டுக்குள் போய் அழுதாள். சுவர் மெல்லியது, எங்களுக்குக் கேட்டது. கோவில்பட்டியில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று அப்பா யோசித்தார். ஆனால் உதட்டில் ஒருமுறை முள் பட்டவர்கள் எங்கே இருந்தாலும் ஏற்றம் தொடங்கியதும் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். தபால்காரர் மகன் ரயிலை நிறுத்திவிட்டு நடந்தே வந்தான். பெனடிக்டா ஏற்கனவே இரண்டு முறை பிடிபட்டு விடப்பட்டவள்.

பௌர்ணமியன்று உச்சிவேளையில் ஏற்றம். வெயில் தெளிவாக இருந்தது. அப்பா முற்றத்தில் நின்று தென்னை ஓலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுகூட அசையவில்லை. விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்தார், பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டார். இந்த நாட்களில் நாங்கள் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் நூல் கூரை வழியாக வரும், ஓடுகள் உடையும்.

தெருவில் ஒரு ஜோடி குதிகால் செருப்பு வந்தது. இரண்டு சின்ன இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு இழுப்பு. மஞ்சள் நிறம். பெனடிக்டாவின் தோழிகள் யாரும் அப்படிச் செருப்பு போடுவதில்லை, எங்கள் ஊர்க் கடையில் அதை விற்பதும் இல்லை. வாசற்படிக்கு வந்ததும் அது நின்றது. பெனடிக்டா என் கையை விட்டாள்.

"அது வெறும் இறகுன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

பிறகு குனிந்து வெளியே போய்ச் செருப்பில் கால் வைத்தாள்.

நாங்கள் மூவரும் கூடவே போனோம். விடப்படுகிறவர்களைத் துவட்டி அழைத்துவரத் துண்டு கொண்டுபோவது வழக்கம். துண்டு அப்பாவிடம் இருந்தது. தண்ணீர் ஓரத்தில் கைகள் மணலில் நிதானமாகத் தேய்ந்துகொண்டிருந்தன. கோல் எழுந்தது. பெனடிக்டா முழங்காலை மடக்கினாள். ஒரு கை அவள் முழங்காலை வலிக்காமல் நேராக்கியது. அவள் தலை கோலைத் தாண்டியது. அவர்கள் நியாயமானவர்கள், செருப்பைக் கழற்றிக் கரையில் ஒழுங்காக வைத்துவிட்டு மறுபடி அளந்தார்கள். ஒரு விரல் அளவு அதிகம்.

அப்பா துண்டை நான்காக மடித்தார்.

பெனடிக்டா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தேன். யாரிடம் பேசுவது, எப்படி அழைப்பது என்று தெரியவில்லை. அதற்குள் தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்துவிட்டது. அவளைப் பிடித்திருந்த கைகள் கீழே இறங்கத் தொடங்கின.

அம்மா சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் போனாள்.

"செத்த தள்ளிக்கோ மக்கா" என்று பெனடிக்டாவிடம் சொன்னாள்.

அவள் உதட்டிலிருந்து முள்ளைக் கழற்றித் தன் உதட்டில் மாட்டிக்கொண்டாள். அதன்பிறகு அம்மா நிமிர்ந்தாள். கோல் அவள் தோளுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு, பிறகு முழங்காலுக்கு. கரையோரம் போகும் மின்கம்பி தலையில் படாமல் ஒரு பக்கமாக விலகி நின்று மீதியையும் நிமிர்ந்தாள். பெனடிக்டா கரைக்கு வந்தாள், அப்பா துண்டை விரித்துக் கொடுத்தார். கடலில் இருந்தவர்கள் கோலின் மேல் இன்னொரு கோலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா நூலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, தன் பக்கமாக இழுக்கத் தொடங்கினாள்.